வேதிவாயு நுரையீரல் காயமும் அயனிக் கால்வாய்களும்

குளோரின், பாஸ்ஜீன், அம்மோனியா, மெத்தில் ஐசோசயனேட் போன்ற வாயுக்களைச் சுவாசிப்பதால் நுரையீரலுக்கு ஏற்படும் கடும் பாதிப்பு வேதிவாயு நுரையீரல் காயம் எனப்படும். மூச்சுக்குழல் இறுகுதல், நுரையீரலில் நீர் கோத்தல், இரத்தத்தில் ஆக்சிஜன் குறைதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவை மூன்றிலும் அயனிக் கால்வாய்களுக்குப் பங்கு உண்டு. சோடியம், கால்சியம் முதலிய மின்னூட்டத் துகள்களைச் செல்லுக்குள் விடும் புரதத் துளைகளே இக்கால்வாய்கள். அவற்றை அடைக்கவோ திறக்கவோ வல்ல மருந்துகள் இன்று தேடப்படுகின்றன.

குளோரினும் உப்பளமும்

குளோரின் பிறப்பது உப்பிலிருந்து. இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் மாரியூர், வாலிநோக்கம் கடற்கரையில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் உள்ளன. நாட்டில் விளையும் உப்பில் கணிசமான பங்கு அடுப்படிக்கு வருவதில்லை, ஆலைக்குப் போகிறது. ஆறுமுகநேரியை அடுத்த சாகுபுரத்தில் உள்ளதைப் போன்ற ஆலைகள் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கின்றன. ஒரு டன் சோடாவுக்குச் சுமார் ஒன்றரை டன் உப்பு வேண்டும். கூடவே 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் குளோரினும் கிடைக்கும். அதுவே 100 கிலோ, 900 கிலோ உருளைகளில் குடிநீர் நிலையங்களுக்குச் செல்கிறது. காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான இந்த மஞ்சட்பச்சை வாயு கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து மேட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். வீட்டில் ப்ளீச்சிங் பவுடருடன் கழிவறை ஆசிட்டைக் கலப்பவர்கள் இதே வாயுவைச் சிறு அளவில் தயாரித்துவிடுகிறார்கள்.

வகைப்பாடு

நீரில் எவ்வளவு எளிதாகக் கரைகிறது என்பதைக் கொண்டு வாயுக்களைப் பிரிப்பது பழைய முறை. இன்றும் அதைவிடப் பயனுள்ள முறை இல்லை. அம்மோனியா மிக எளிதில் கரைவதால் கண், மூக்கு, தொண்டையை உடனே எரிக்கும். ஐஸ் ஆலைகளும் மீன் பதப்படுத்தும் கூடங்களும் உள்ள கடற்கரைகளில் இதுவே முதல் அபாயம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்ததும் இதுதான். குளோரின் நடுத்தரமாகக் கரைந்து மூச்சுக்குழல் முழுவதையும் தாக்கும். பாஸ்ஜீன் அரிதாகவே கரையும். மூக்கைப் பெரிதாக எரிக்காமல் காற்றுப்பைவரை இறங்கிவிடும். பட்டவர் சில மணி நேரம் நன்றாகவே நடமாடிவிட்டுப் பிறகு மூச்சுத் திணறுவார்.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியர் குளோரினைத் திறந்துவிட்டனர். சில நாட்களில் அங்கு வந்துசேர்ந்த இந்தியப் படையின் லாகூர் டிவிஷனும் அந்த வாயுவைச் சந்தித்தது. 1984 டிசம்பர் 2-3 இரவு போபாலில் 610ஆம் எண் தொட்டியிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. சயனைடு நச்சும் சேர்ந்ததா, அதற்கு முறிவாகச் சோடியம் தயோசல்பேட் ஊசி போடலாமா என்று மருத்துவர்களிடையே நீண்ட சச்சரவு நடந்தது. எப்படியிருந்தாலும், முதல் நாட்களில் உயிரைப் பறித்தது நீர் கோத்த நுரையீரலே.

கால்வாய்களின் கதை

1969இல் பழ ஈ ஒன்றின் பார்வைக் கோளாற்றை ஆராய்ந்ததில் இக்கதை தொடங்குகிறது. அந்தக் கோளாற்றுக்குக் காரணமான மரபணுவின் பெயரில்தான் டிஆர்பி கால்வாய்க் குடும்பம் இன்று அறியப்படுகிறது. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு மிளகாயின் காரப்பொருளான காப்சைசினைக் கொண்டு டிஆர்பிவி1 கால்வாயைக் கண்டறிந்தது. அவர் 2021இல் ஆர்டெம் படபூட்டியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இராமநாதபுரம் முண்டு வற்றலை வறுக்கும் நெடியில் வீடே இருமுவது இக்கால்வாய் திறப்பதால்தான்.

அதன் உறவான டிஆர்பிஏ1 கடுகின் நெடியை உணர்வது 2004இல் வெளிவந்தது. வேதிக் காயத்தில் இதற்கே முதலிடம். குளோரின் மூச்சுக்குழல் ஈரத்தில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகி, இப்புரதத்தின் சிஸ்டீன் பகுதிகளை மாற்றிக் கால்வாயைத் திறக்கிறது. இக்கால்வாய் இல்லாத எலிகளிடம் அத்தகைய எரிச்சலூட்டிகளுக்கு மூச்சு தடைப்படும் எதிர்வினை குன்றியிருப்பதை ஆய்வாளர்கள் பெசாக், ஜோர்ட் இருவரும் 2008இல் காட்டினர். மெத்தில் ஐசோசயனேட்டும் கண்ணீர்ப் புகையும் இதே வாயிலைத் தட்டுவதை மறு ஆண்டு அவர்கள் குழு காட்டியது. போபாலுக்கு விளக்கம் கிடைக்க 25 ஆண்டுகள் ஆயின.

டிஆர்பிவி4 வேறு வேலை செய்கிறது. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன்கூட இல்லாதது. நுண்குழல் சுவரில் டிஆர்பிவி4 திறந்தால் கால்சியம் உள்ளே பாய்ந்து செல்களின் இணைப்பு நெகிழும், நீர் காற்றுப்பைக்குள் கசியும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் குளோரினும் பட்ட எலிகளுக்கு, பட்ட பிறகு தடுப்பான் கொடுத்தபோதும் பலன் இருந்ததை 2014 ஆய்வு ஒன்று தெரிவித்தது. விபத்து நடந்த பின்னரே மருத்துவரிடம் வருபவர்களுக்கு இந்தப் “பிறகு” என்பதுதான் முக்கியம்.

தேங்கிய நீரை வெளியேற்றும் மடை இஎன்ஏசி எனப்படும் சோடியக் கால்வாய். சோடியத்தை அது இழுத்துக்கொள்ள, நீரும் பின்தொடர்கிறது. 1996இல் இதன் ஒரு துணையலகு இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் நுரையீரல் நீரை வடிக்க முடியாமல் இறந்தன. குளோரின் இக்கால்வாயையும் கெடுக்கிறது. உப்பின் ஒரு பாதியான குளோரின் கெடுப்பதை மறுபாதியான சோடியத்தின் ஓட்டம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

சிகிச்சை

நீர் வடிதலைத் தூண்டும் என்று நம்பி, கடும் நுரையீரல் செயலிழப்பில் சால்பியூட்டமால் மருந்தைச் சிரை வழி செலுத்திய பிரிட்டன் ஆய்வு 326 பேருடன் நிறுத்தப்பட்டது. 2012இல் வெளியான முடிவின்படி, 28 நாட்களில் மருந்து பெற்றவர்களில் 34 விழுக்காடும் பெறாதவர்களில் 23 விழுக்காடும் இறந்தனர். டிஆர்பிவி4 தடுப்பான் ஒன்று இதயச் செயலிழப்பு நோயாளிகளிடமும், இஎன்ஏசியைத் தூண்டும் சோல்னடைடு கடும் நுரையீரல் செயலிழப்பிலும் சோதிக்கப்பட்டுள்ளன. தற்போது மருத்துவமனைகளில் ஆக்சிஜன், நெபுலைசர், தேவைப்பட்டால் வென்டிலேட்டர் ஆகியவையே தரப்படுகின்றன.