ஸ்கீ: மரத்துண்டு பறந்த கதை

இரும்பில் செய்தாலும் சிமெண்டில் கட்டினாலும் மண்ணச்சநல்லூர்ப் பிள்ளைகளுக்கு அது சறுக்குமரம்தான். பொருள் மாறியும் பெயரில் மரம் ஒட்டிக்கொண்டது. பனியில் சறுக்கக் காலில் மாட்டும் பட்டையைக் குறிக்கும் ‘ஸ்கீ’ என்ற சொல்லும் அப்படித்தான். பழைய நார்வே மொழியில் அதன் மூலச்சொல்லுக்குப் பிளந்த மரத்துண்டு என்று பொருள். உறவுச் சொல்லான ‘ஷைட்’ ஜெர்மன் மொழியில் இன்றும் விறகுக்கட்டையைக் குறிக்கிறது. நார்வேக்காரர்கள் ‘ஷி’ என்றே உச்சரிக்கிறார்கள். எழுத்தைப் பார்த்து ‘ஸ்கீ’ என்றது ஆங்கிலம்.

தமிழில் பனிச்சறுக்கு என்கிறோம். சரிவில் இறங்குவதற்கு நல்ல சொல். ஆனால் சரிவு மேடையிலிருந்து தாவி வெகுதூரம் பறக்கும் போட்டியான ஸ்கீ பறத்தலுக்கு அது போதாது. யானைக்கும் அடி சறுக்கும் என்னும்போது சறுக்கல் என்பது தவறி விழுவது. இங்கோ வீரர் இரு பட்டைகளையும் ‘வி’ வடிவில் விரித்து, உடலைச் சாய்த்து, காற்றின் மேல் படுத்துப் போகிறார். ‘ஸ்கீ பறத்தல்’ என்பதே பொருத்தம்.

இதற்கான உலகச் சாம்பியன்ஷிப் 1972-இல் ஸ்லோவேனியாவின் பிளனிட்சாவில் தொடங்கியது. முதல் பட்டம் சுவிட்சர்லாந்தின் வால்டர் ஸ்டைனருக்கு. அவர் தொழிலில் மரச்சிற்பி! திரைப்பட இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் அவரைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார்.

தனிநபர் போட்டி இரண்டு நாளில் நான்கு சுற்று. 2004-இல் சேர்ந்த அணிப் போட்டியில் நாட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு முறை பறப்பார்கள். 2025 மார்ச்சில் அதே பிளனிட்சாவில், உலகக் கோப்பைத் தொடரில், ஸ்லோவேனிய வீரர் டோமன் பிரெவ்ட்ஸ் தொட்ட 254.5 மீட்டர் உலகச் சாதனை ஆனது. திருச்சி மலைக்கோட்டையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு.