குரங்குகளின் மெல்லுதசைத் தமனிகள்

தாடையை இயக்கும் பொட்டுத்தசை, கன்னத்தசை, உட்சிறகுத்தசை, வெளிச்சிறகுத்தசை ஆகிய நான்கினுக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் மெல்லுதசைத் தமனிகள் எனப்படும். மக்காக் இனக் குரங்குகளில், மனிதரிற்போலவே, புறக் கரோட்டிட் தமனி கீழ்த்தாடைக் கழுத்தின் பின்னே இரண்டாகப் பிரிய, அவற்றுள் ஒன்றான மேல்தாடைத் தமனி உள்நோக்கித் திரும்பி இத்தசைகளுக்குக் கிளைகளை அளிக்கிறது. கன்னத்தசைக்குரிய கிளை தாடையெலும்பின் மேல்விளிம்பிலுள்ள பிறைவடிவப் பள்ளத்தைக் கடந்து அத்தசையை உட்புறத்திலிருந்து அடைய, பொட்டுத்தசைக்குரிய ஆழ்தமனிகள் மண்டையெலும்பை ஒட்டியவாறே மேலேறுகின்றன. முகத்தமனியும் கன்னத்தசைக்குத் துணைபுரிகிறது.

இத்துறையின் சரித்திரம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் கிரேக்க வைத்தியரான காலெனிடம் தொடங்குகிறது. மனிதப் பிரேதத்தை அறுத்தல் ரோமாபுரியில் வழக்கில் இல்லாமையால், அவர் வட ஆப்பிரிக்கக் குரங்குகளை ஆராய்ந்தார். கழுத்தை நெரித்தால் அங்குள்ள உறுப்புகள் நசுங்கிவிடுமாதலின், குரங்கை நீரில் அமிழ்த்தியே கொல்ல வேண்டுமென்று விதித்தமை அவரது கூர்த்த கவனத்துக்குச் சான்றாகும். எனினும், தசைகளைப் போஷிப்பது கல்லீரலிலிருந்து சிரைகள் வழியே வரும் இரத்தமே என்பது அவர் சித்தாந்தம்.

1543-இல் உடற்கூற்றறிஞர் வெசாலியஸ், காலெனின் வர்ணனைகளுள் பல மனிதனுக்குப் பொருந்தாமல் விலங்குகளுக்கே உரியவை என்று நிரூபித்தார். 1628-இல் ஆங்கில மருத்துவர் ஹார்வி இரத்த ஓட்டத்தை விளக்கிய பின்னரே, தமனி எவ்வுறுப்புக்குச் செல்கிறது என்னும் வினா உரிய பொருளைப் பெற்றது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரூயிஷ் முதலியோர் நாளங்களில் வண்ண மெழுகைச் செலுத்தும் முறையைச் செம்மைப்படுத்தியதால், கத்திமுனைக்குத் தப்பும் நுண்கிளைகளும் கண்ணுக்குப் புலனாயின.

மக்காக் இனத்தைச் சேர்ந்த ரீசஸ் குரங்கின் உடலமைப்பு முழுவதையும் தொகுத்துரைக்கும் நூலொன்றை ஹார்ட்மனும் ஸ்ட்ராஸும் 1933-இல் பதிப்பித்தனர். காஸ்டெல்லியும் ஹியூல்கியும் 1965-இல் அக்குரங்கின் தலை, கழுத்துத் தமனிகளைத் தனியே ஆராய்ந்து, புறக் கரோட்டிட் தமனியின் கிளைகளை விரிவாக எழுதினர்.

இவ்வறிவின் பயன் சஸ்திர சிகிச்சையில் வெளிப்பட்டது. அமெரிக்க மருத்துவர் வில்லியம் பெல் 1969 முதல் ரீசஸ் குரங்குகளின் தாடையெலும்பை வெட்டி, நாளங்களில் சாயப்பொருளைச் செலுத்தி, இரத்தம் மீளும் விதத்தை ஆராய்ந்தார். தசையும் மென்திசுவும் எலும்போடு ஒட்டியிருக்குமிடத்து, அவற்றின் வழியாகவே எலும்புக்கும் இரத்தம் கிடைக்கிறது என்பது அவ்வாராய்ச்சிகளால் தெளிவாயிற்று. ஆகவேதான் மனிதரின் தாடையைத் திருத்தும் சிகிச்சையில், தசைகளை எலும்பிலிருந்து அவசியத்துக்கு மேல் உரித்தெடுக்கலாகாது என்னும் நியமம் வலுப்பெற்றது.