பிணைப்பின் கதை – 7: கூடுதலாக வந்த கணக்கு

1932. கலிஃபோர்னியாவின் பாசடீனா. கால்டெக்கில் லைனஸ் பாலிங் ஒரு கூட்டல் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விடை ஒவ்வொரு முறையும் அதிகமாகவே வந்தது.

அணுக்கள் எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன என்று 1916-இல் பெர்க்லியின் கில்பர்ட் லூயிஸ் சொன்னதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே ஆண்டு ஜெர்மனியில் வால்தர் கோசெல், 'பொதுவாவது! ஒன்று கொடுக்கிறது, இன்னொன்று பறித்துக்கொள்கிறது' என்ற கட்சி. சகப்பிணைப்பு, அயனிப்பிணைப்பு. எது மெய்?

பாலிங் வாதாடவில்லை, அளந்து பார்த்தார். இன்றைய கணக்கில், ஹைட்ரஜன் மூலக்கூறை அறுக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும். ஃபுளூரினுக்குச் சுமார் 158 போதும். இரண்டும் சேர்ந்து நியாயமாகப் பங்கிட்டுக்கொண்டால் ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்கு நடுவாந்தரமாக 297 வரவேண்டும். வந்ததோ 565-க்கும் மேல்!

பொதுவில் வைத்ததை ஃபுளூரின் தன் பக்கம் இழுக்கிறது. இழுக்க இழுக்கப் பிணைப்பு இறுகுகிறது. அந்த உபரியைக் கொண்டே ஒவ்வொரு தனிமத்தின் பேராசைக்கும் பாலிங் மதிப்பெண் போட்டார். எலக்ட்ரான் கவர்திறன் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். லூயிஸும் கோசெலும் ஒரே தெருவின் இரு முனைகளில் நின்றிருந்தார்கள்.

நைட்ரஜனின் முப்பிணைப்பு 945. அந்தப் பிடிவாதத்தால்தான் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அது இருந்தும் வயலுக்கு யூரியா வாங்குகிறோம்.

ஆனால் பாலிங்கை வாழ்நாள் முழுதும் ஆட்டிவைத்தது பலசாலி அல்ல, நோஞ்சான். 1920-இல் லாடிமரும் ரோடபுஷும் எழுதிய ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீரில் மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையே அதன் பலம் சுமார் 20 கிலோஜூல்தான். அது இல்லையென்றால் தண்ணீர் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழேயே கொதித்து ஆவியாகியிருக்கும். புரதச் சுருளை 1951-இல் பாலிங் அவிழ்த்ததும் இந்த நோஞ்சானை நம்பித்தான்.

அடுத்து டி.என்.ஏ. 1952 டிசம்பர் கடைசி நாள், மூன்று இழைகள் முறுக்கிய வடிவத்தைக் கட்டுரையாக அனுப்பிவிட்டார். ஒரு பிரதி கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகன் பீட்டருக்கு.

1953 ஜனவரி இறுதி. பீட்டரின் கோட்டுப் பையிலிருந்து அதை உருவிப் படித்தார், அதே டி.என்.ஏ. வடிவத்தைக் கூட்டாளி கிரிக்குடன் தேடிக்கொண்டிருந்த 24 வயது ஜேம்ஸ் வாட்சன். பாஸ்பேட்டுகள் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடித்து நிறுத்த ஹைட்ரஜன் பிணைப்புகள். டி.என்.ஏ. ஓர் அமிலம் என்றால் கழன்றிருக்க வேண்டிய ஹைட்ரஜன், அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது!

பிணைப்புகளை எடைபோட்ட மனிதரா இப்படி? கட்டுரையோ அச்சில். பிழை பாலிங்கின் காதுக்கு எட்டுவதற்குள் வாட்சனுக்கும் கிரிக்குக்கும் எத்தனை நாள் இருக்கிறது?

(தொடரும்)