பட்டியலில் இல்லாத சொல்

1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையை முதன்முதலாக வாசித்தபோது நான் தேடியது ஒரே சொல்லைத்தான். இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, 'குறிப்பிட்ட சமூகக் குழு' என்று துன்புறுத்தலுக்கு ஐந்து காரணங்கள் இருந்தன. பாலினம்? அது இல்லவே இல்லை.

அந்த ஐந்தாவது காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் டோகோ நாட்டின் ஃபவ்ஸியா கசிண்ட்ஜா கரையேறினார். அப்பா இருந்தவரை பெண்ணுறுப்புச் சிதைப்பு அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. 1993-இல் அவர் இறந்தார். ஏற்கெனவே மூன்று மனைவிகள் உள்ள 45 வயதுக்காரருக்கு அத்தை அவரைக் கட்டிவைத்தார். அடுத்து அந்தச் சடங்கு. அக்காவின் உதவியோடு வீட்டைவிட்டு ஓடினார். கானா, ஜெர்மனி, பிறகு 1994 டிசம்பரில் அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையம். அப்போது வயது 17. அடைக்கலம் கேட்டவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 16 மாதச் சிறை. 1995-இல் குடிவரவு நீதிபதி, நம்பும்படி இல்லைன்னு சொல்லிட்டார்.

1996 ஜூன் 13 அன்று மேல்முறையீட்டு வாரியம் அதை மாற்றியது: அவருடைய இனக்குழுவில், சிதைப்புக்கு ஆளாகாத, அதை எதிர்க்கிற இளம்பெண்கள் ஒரு 'சமூகக் குழு'.

ஜெயிச்சாச்சு. ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. பெண் என்பது மட்டும் போதவில்லை. அவருக்காக ஒரு குழுவை வரையறுக்க வேண்டியிருந்தது. அதிகாரிகள் பிழையாக எழுதிய 'கசிங்கா' என்ற பெயரில்தான் அந்தத் தீர்ப்பு இன்றும் வழங்குகிறது.