இரண்டு ஆரணி

டர்பனிலிருந்து வந்த கடிதத்தோடு ஒரு பிறப்புப் பதிவின் நகல் இருந்தது. பிள்ளையின் பெயரை விட்டுவிட்டு, தாயின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைத்தான் முதலில் பார்த்தேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தபோது தொடங்கிய வரிசை அது. 1911இல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை 1,52,184 பேர் போயிருந்தார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். பெயரை நம்பித் தேடினால் தெருவில் நிற்க வேண்டியதுதான். எண் அப்படி ஏமாற்றாது.

எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பூட்டனும் பூட்டியும் ஆரணியில் கல்யாணம் முடித்துக் கப்பலேறியவர்கள் என்பது அவர்கள் வீட்டுக் கதை. ஊரைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெயரையும் எண்ணையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிப் போன கப்பல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கப்பல் பட்டியலின் தட்டச்சுப் பிரதி கையில் இருந்தது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் என்று கட்டங்கள். பிறப்புப் பதிவிலிருந்த தாய்தான் பூட்டி. அவளுக்கு முந்தைய எண்ணில் பூட்டன், வயது 30. அவளுக்கு 18. இருவருக்கும் ஜில்லா வடஆற்காடு, ஊர் ஆரணி. வேலை இத்தனை சுலபமா என்று பையைத் தூக்கிக்கொண்டு, பட்டுக்குப் பெயர்போன அந்த ஊருக்குப் போனேன். பூட்டனின் தகப்பன் பெயரைச் சொன்னதும் ஒரு தெருவில் தலையசைத்தார்கள். பூட்டி பக்கத்துப் பெயரை யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் அலைந்ததில் செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.

திரும்பி வந்ததும் செய்ததை, போகும் முன்பே செய்திருக்க வேண்டும். கையெழுத்துப் பட்டியலின் படத்தைக் கேட்டு வாங்கினேன். எழுத்தர் ஒரே ஊர்க்காரர்களைத் தொடர்ந்து எழுதும்போது கீழே 'மேற்படி' குறி போட்டுவிடுவார். பக்கம் முழுக்க அந்தக் குறிதான். அவளுடைய வரியிலும் அப்படித்தான் இருக்கும் என்று பிரதி எடுத்தவர் நினைத்துவிட்டார். நானும் அதை அப்படியே நம்பினேன். ஆனால் படத்தைப் பெரிதாக்கியபோது அவளுடைய ஜில்லாக் கட்டத்தில் குறி இல்லை. மங்கிய மையில், சுருக்கி எழுதிய ஒரு சொல். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் தெளிவு. அதே எழுத்தர் வேறு பக்கங்களில் செங்கல்பட்டை எப்படிச் சுருக்கினார் என்று தேடி எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்தேன். ஒரே சுழிப்பு. தாலுகாக் கட்டத்தைக் கண்ணால் படித்தபோது பிடிபடவில்லை. வாய்விட்டுப் படித்ததும் வந்துவிட்டது: பொன்னேரி.

பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணி ஆற்றை ஒட்டி இன்னொரு ஆரணி இருக்கிறது. பழைய செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா. சென்னைக்காரனான எனக்கே உறைக்கவில்லை.

அப்படியானால் ஊரில் நடந்த கல்யாணம்? நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அந்தக் கணக்கு நிரம்பாமல் கப்பல் கிளம்ப முடியாது. அதனால் தனியாக வந்து சேர்ந்த பெண்கள், கப்பலேறும்வரை கூலிகளைத் தங்கவைத்த டிப்போவிலேயே ஒருவரோடு சேர்ந்து புருஷன் பெண்டாட்டியாகப் பதிவானது பலமுறை நடந்திருக்கிறது. வேறு வேறு ஜில்லா, அடுத்தடுத்த எண். இவர்களும் அப்படிச் சேர்ந்தவர்கள் என்பது என் ஊகம். பட்டியல் அதைச் சொல்லவில்லை.

ஆசிரியைக்கு எழுதத் தயங்கினேன். மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்த கதையை ஒரு மங்கிய கட்டத்தை வைத்துக் கலைப்பதா? கடைசியில் படத்தை அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு வந்த கடிதத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. டிப்போவில் நூற்றுக்கணக்கான பேருக்கு நடுவே பூட்டன் "எந்த ஊர்?" என்று கேட்டிருப்பார், இவள் "ஆரணி" என்றிருப்பாள், "அட, நானும் ஆரணிதான்" என்று அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார் என்று எழுதியிருந்தார். எந்த ஆரணி என்று கப்பல் கிளம்பிய பிறகாவது கேட்டுக்கொண்டார்களா என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.