சால்ட் லேக்கின் சைக்ளோட்ரானும் மோதுவிகளின் காலமும்

துகள் முடுக்கிகளின் வரலாறு பெரும்பாலும் பெர்க்லி, ஃப்ராஸ்காட்டி, ஜெனீவா என்ற வரிசையிலேயே எழுதப்படுகிறது. கொல்கத்தாவின் இடம் அதில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. பெரிய கண்டுபிடிப்புகளை மட்டும் எண்ணும் வரலாற்றில் அப்படித்தான் நேரும்; கருவிகளைக் கட்டியோரின் வரலாறு வேறு.

மேகநாத் சாகாவின் மாணவரான பி. டி. நாக் சௌத்ரி பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸிடம் பயின்று, 1941-இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கிருந்து காந்தத்துக்குரிய பாகங்கள் கல்கத்தா வந்து சேர்ந்தன. வெற்றிடப் பம்புகளை ஏற்றிவந்த கப்பலோ உலகப்போரில் மூழ்கடிக்கப்பட்டது. சைக்ளோட்ரானின் உட்புறம் காற்றில்லாமல் இருந்தால்தான் துகள் தடையின்றிச் சுழலும். ஆகவே அந்த இழப்பு சில உதிரிப்பாகங்களின் இழப்பன்று. காந்தம் இருந்தும் கருவி இல்லை என்ற நிலை. பம்புகளை உள்ளூரிலேயே செய்துபார்க்கும் முயற்சியில் ஆண்டுகள் கழிந்தன. 1956-இல் சாகா மறைந்தார்.

அதற்குள் உலகம் வேறு திசையில் நகர்ந்தது. நிலையான இலக்கின்மீது கற்றையை மோதச் செய்தால் ஆற்றலின் பெரும்பகுதி சிதறும் துகள்களை முன்னோக்கித் தள்ளுவதிலேயே வீணாகும். எதிரெதிராக வரும் இரு கற்றைகளில் அவ்விரயம் இல்லை. 1961-இல் புரூனோ டூஷெக்கின் முன்மொழிவின்படி ஃப்ராஸ்காட்டியில் உருவான ‘ஆடா’ என்னும் சிறு வளையம் இதற்கு வழிகாட்டியது. 1971-இல் செர்னின் புரோட்டான் மோதுவி இயங்கத் தொடங்கியது. அதன் 31 ஜிஇவி கற்றைகள் இரண்டும் மோதியதற்கு ஈடாக, நிலையான இலக்கின்மீது ஏறத்தாழ 2000 ஜிஇவி கற்றை தேவைப்பட்டிருக்கும்.

சால்ட் லேக்கில் மாறுபடு ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தின் கருவி முதற்கற்றையைத் தந்தது 1977 ஜூன் 16 அன்று. செர்னின் மோதுவி அப்போது ஆறாண்டுப் பழையது. காலதாமதம் என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அணுக்கருவியலுக்கு வேண்டியது மோதுவியன்று, ஆற்றலை மாற்றியமைக்கத்தக்க சைக்ளோட்ரானே. 224 செ.மீ. முனை விட்டம் கொண்ட இதன் வடிவமைப்பு பெர்க்லியின் 88 அங்குலக் கருவியைத் தழுவியது. காந்தத்தை ராஞ்சியின் கனரகப் பொறியியல் கழகம் செய்து தந்தது. உருக்காலைகளுக்கு இயந்திரம் செய்வதற்கென நிறுவப்பட்ட தொழிற்சாலை அது! இறக்குமதியை நம்பிக் கப்பலோடு மூழ்கிய முதல் முயற்சியையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தியா மோதுவி எதையும் கட்டவில்லை. எனினும் மோதுவிகளின் நுட்பம் இங்கு வந்துசேர்ந்தது. எலக்ட்ரான் வளையங்களில் கற்றை வளையும்போது வெளியாகும் ஒளி, மோதுவிப் பொறியாளர்களுக்குத் தொல்லையான இழப்பு. அதையே பயனாக்கும் சேமிப்பு வளையங்கள் இந்தூரின் இண்டஸ்-1, இண்டஸ்-2.

கொல்கத்தா மறுதிசையில் சென்றது. செர்னின் மோதுவிக்கே உறுப்புகள் அனுப்பியது. ஆலிஸ் சோதனையின் ஃபோட்டான் எண்ணிக்கை உணர்கருவியில் சால்ட் லேக் மையம் முதன்மைப் பங்காற்றியது. அதே வளாகத்தின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் ‘மானஸ்’ என்னும் 16 தடச் சில்லை உருவாக்க, சண்டிகரில் அது தயாரிக்கப்பட்டது. ஆலிஸின் மியூவான் கூடங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தடங்களின் குறிகைகள் அச்சில்லுகளின் வழியாகவே வாசிக்கப்பட்டன.