நுனி எங்கே?

எங்கள் எக்ஸ்ரே பிரிவில் அந்த நோயாளி வந்தால் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "நுனி எங்கே?"

சிறுநீரகப் புற்று சிலருக்குச் சிறுநீரகத்தோடு நிற்பதில்லை. அதன் சிரைக்குள் நாக்கு நீட்டும், கீழ்ப்பெருஞ்சிரையில் ஏறும், கல்லீரலின் பின்னால் ஊர்ந்து இதயத்தின் வலது மேலறை வரைகூடப் போய்விடும். பல பேருக்குச் சிரையின் சுவரைத் துளைக்காமல் உள்ளுக்குள்ளேயே வளர்வதால்தான் அதை உருவி எடுக்க முடிகிறது. எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைத்தால், ஒரு துண்டு உடைந்து நுரையீரலில் அடைத்து, மேசையிலேயே உயிர் போகலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் எங்களுக்கிருந்த வழி, கீழ்ப்பெருஞ்சிரையை எக்ஸ்ரே படமாக எடுக்கும் கேவோகிராம். செல்டிங்கர் 1953இல் வகுத்த முறைப்படி தொடையிடுக்கில் ஊசி குத்தி, கதீட்டர் ஏற்றி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்துவோம். சிரை முழுக்க அடைபட்டிருந்தால் மருந்து அங்கேயே நின்றுவிடும். தெரிவது நாக்கின் அடி மட்டும். நுனியைக் காணக் கைச்சிரை வழியே இன்னொரு கதீட்டரை, இதயத்தைத் தொட்டபடி, மேலிருந்து இறக்க வேண்டும். அந்த நிமிடங்களில் யாரும் பேசமாட்டோம். பிறகு ஈரம் சொட்டும் இரண்டு ஃபிலிம்களையும் விளக்குப் பெட்டியில் மாட்டி, நடுவில் படியாத இடத்தை முதுகெலும்புக் கணுக்களை எண்ணி அளப்போம்.

அல்ட்ராசவுண்டும் சிடியும் அந்த ஊசிகளைக் குறைத்தன. எண்பதுகளில் வந்த எம்ஆர்ஐ, அடியையும் நுனியையும் நெடுக்காக ஒரே படத்தில் காட்டியது.

படம் எடுப்பதைவிட, நோயின் கட்டத்தைக் குறிப்பதில்தான் மருத்துவம் தடுமாறியது. டொரொண்டோவின் ராப்சன் 1969இல் சிரைக்குள் போன புற்றையும் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய புற்றையும் ஒரே மூன்றாம் கட்டத்தில் வைத்தார். அது பிழை என்பதே என் தீர்ப்பு. கணுவில் பரவியவரைவிட, சிரையில் மட்டும் ஏறியவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஸ்கின்னர் குழுவினர் 1972இலேயே இப்படிச் சிரையில் ஏறிய நோயாளிகளுக்குத் துணிந்து அறுவை செய்யலாம் என்று வாதாடினார்கள். மேயோ கிளினிக்கின் நெவெஸும் ஜிங்கியும் 1987இல் நுனியின் உயரத்தை வைத்தே படிகளை வகுத்தார்கள். கல்லீரல் சிரைகளுக்குக் கீழா மேலா, உதரவிதானத்தைத் தாண்டியதா என்பதைப் பொறுத்தே இதய அறுவை நிபுணர் வேண்டுமா, இதய நுரையீரல் இயந்திரம் வேண்டுமா என்பது முடிவாகிறது.

இந்த நாக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை தள்ளிப்போய், படம் எடுத்து ஒரு மாதம் கடந்திருந்தால், மறுபடி ஒரு முறை எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.